மலிவு இயர்போன்: முதல் நாள் காதும் பதினைந்தாம் நாள் காதும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தினமும் ரங்கூனில் இன்செயினிலிருந்து டவுனுக்கு, ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில் வேலைக்குப் போகிறீர்கள். போனோடு வந்த இயர்போன் அறுந்துபோனதால், முதல் முறையாக யோசித்துக் காசு போட்டு, பத்து டாலர் பெறுமானமுள்ள கம்பி வைத்த சீன இயர்போன் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். முதல் நாள் பேஸ், அதாவது கீழ்ச் சத்தத்தின் கனம், கேட்டு அசந்துபோனீர்கள். இப்போது இரண்டு வாரம் ஆனதும், பாடுகிறவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பாடுகிற மாதிரி இருக்கிறது, ‘ஸ’ வருகிற இடமெல்லாம் குத்துகிறது, இடது பக்கம் கொஞ்சம் சன்னமாகக் கேட்கிறது. கடைக்காரர் நூறு மணி நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்கிறார், கூட வேலை செய்கிறவர் கம்பியில்லாததை வாங்கியிருக்கலாமே என்கிறார். ஏமாந்துவிட்டேனா, நல்ல சத்தத்துக்கு இன்னும் எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கு என்ன படுகிறது என்றால், காசைப் பற்றிய கேள்விக்கு அடியில் வேறு ஒன்று இருக்கிறது: முதல் நாள் காது சொன்னதை நம்புவதா, பதினைந்தாம் நாள் காது சொல்வதை நம்புவதா?

பதினைந்தாம் நாளை நம்புங்கள். நீங்கள் ஏமாறவில்லை. நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்று இயர்போனுடைய சுபாவம், ஒன்று காதில் அது உட்காருகிற விதம், மற்றொன்று அனேகமாக அழுக்கு. மூன்றையும் புது இயர்போன் வாங்காமலே பார்த்துவிடலாம். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் இருபத்தெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ரங்கூனில் கேசட் பிளேயர் ரிப்பேரில் ஆரம்பித்து, அப்புறம் கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று மைக் செட் போட்டு, சத்தங்களைக் கலந்து அளவு பார்க்கிற மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து பழகினவன். 2014-இல் ஆயிரத்து ஐந்நூறு சாட்டுக்கு (பர்மா நாணயம்) சிம் கார்டு வந்து எல்லார் கையிலும் போன் ஏறிய பிறகு என் மேஜைக்கு வருகிற சாமான்களே மாறிப்போயின. இன்று பாதி நாள் இயர்போனைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என் வயதுக்குக் கீச்சுச் சத்தம் கேட்கிற திறன் தேய்ந்துவிட்டது. சத்தம் எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதை ஹெர்ட்ஸில் அளப்பார்கள், 12,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எனக்குக் கேட்பதில்லை. அதனால் ட்ரெபிள் என்கிற கூர்மையான மேல் சத்தத்தின் உச்சியைப் பற்றி நான் பேசும்போது என் காதை வைத்துப் பேசவில்லை, கடையில் வேலை செய்கிற பையன்களைக் கேட்கவைத்துத் தெரிந்துகொண்டதையும் அளந்து பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் அந்த முதல் நாள் மயக்கம். புது இயர்போன் எது போட்டாலும் பழையதில் கேட்காதது ஏதாவது ஒன்று கேட்கும், மனசு அதையே பிடித்துக்கொள்ளும். மலிவு இயர்போன் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடையில் முப்பது விநாடி கேட்கிறவரை நிறுத்திவைக்க வேண்டுமானால் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிட்டு நடுவைப் பள்ளமாக விட்டால் போதும். கிராஃப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் கரை உயர்ந்த ஓடை மாதிரி இருக்கும். மனிதக் குரல் ஓடுவது அந்தப் பள்ளத்தில்தான். இதோடு சத்தத்தின் அளவும் சேர்ந்துகொள்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே காட்டியது இது: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸை மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது, சத்தத்தைக் கூட்டக் கூட்ட பேஸ் திரும்பி வருகிறது. அதனால் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் கேட்கிற எதுவும் கொழுமையாக, நல்லதாகத் தோன்றும். இரண்டு இயர்போனை ஒப்பிடும்போது ஒன்று இம்மியளவு சத்தமாக இருந்தாலும் அதுதான் ஜெயிக்கும். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள், இதே கதையைத்தான் சொல்வார்.

உங்கள் விஷயத்தில் ரயிலும் இருக்கிறது. வட்ட ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னல் திறந்தே இருக்கும், தண்டவாளத்துச் சத்தம் அடிவயிற்றில் கேட்கும், இந்தப் பக்கம் சோளம், வேகவைத்த முட்டை விற்கிறவர் குரல், அந்தப் பக்கம் யாரோ போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பார். ரயில் போடுகிற உறுமல் பெரும்பாலும் கீழ் அலைவரிசையில் இருக்கிறது, அது பாட்டில் உள்ள பேஸை மூடிவிடும். பேஸ் கூட்டிச் செய்த இயர்போன் அங்கே சரியாக இருப்பது போலத் தெரியும், ஏனென்றால் ரயில் தின்றது போக மிச்சம்தான் உங்களுக்குக் கிடைக்கிறது. ராத்திரி வீட்டில், கரண்ட் போய் அக்கம்பக்கத்து டிவியெல்லாம் அடங்கின பிறகு அதே பாட்டைக் கேட்டால் பேஸ் முழுசாக வந்து குரல் மேல் உட்கார்ந்துகொள்ளும். குரல் கதவுக்குப் பின்னால் போனது எங்கே, ரயிலிலா வீட்டிலா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில்தான் என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி, இந்தப் பதில் முழுவதிலும் எனக்கு முக்கியமான ஒன்று. காதுக்குள் செருகுகிற வகை இயர்போனில் சத்தத்தைத் தீர்மானிப்பதில் பாதி அந்தச் சின்ன ரப்பர் முனைதான். காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். ரப்பர் அதன் வாயை நன்றாக அடைத்தால் டிரைவர் (இயர்போனுக்குள் சத்தம் எழுப்புகிற குட்டி ஸ்பீக்கர்) தள்ளுகிற காற்று முழுவதும் செவிப்பறைக்குப் போகும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ், மேலே உள்ள சத்தம் அப்படியே இருக்கும், ஆக மொத்தம் தகரத்தில் தட்டினது மாதிரி கேட்கும். போன மழைக்காலத்தில் ஒரு நர்ஸ் தங்கச்சி வந்தார், இருபது டாலர் இயர்போன், வாங்கி ஒரு மாதம், பேஸே இல்லை, கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது, டிரைவர் போய்விட்டதா பாருங்கள் என்றார். நான் காதில் வைத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அவர் காதில் போடச் சொல்லிப் பார்த்தேன், நடுத்தர அளவு ரப்பர், அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் வலது பக்கம் மெல்ல வெளியே வழுக்கிக்கொண்டு வந்தது. டப்பாவில் கூட வந்த ரப்பர்களை அவர் பிரிக்கவே இல்லை. வலதுக்குப் பெரியதும் இடதுக்கு நடுத்தரமும் போட்டு, ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு மறு கையால் உள்ளே வைக்கச் சொன்னேன். பாட்டைப் போட்டதும் அப்படியே நின்றுவிட்டார். பேசவில்லை. ஒரு முழுப் பாட்டும் கேட்டு முடித்துவிட்டுத்தான் கழற்றினார். அவரிடம் நான் காசு வாங்கவில்லை, எதற்கு வாங்குவது?

இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை, நிறையப் பேருக்கு இல்லை. உங்கள் டப்பாவில் மூன்று ஜோடி வந்திருக்கும், எல்லாவற்றையும் இரண்டு காதிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் பாட்டே வேண்டாம். இரண்டையும் காதில் வைத்துக்கொண்டு வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று இழுங்கள். இரண்டு பக்கமும் உங்கள் குரல் தலைக்குள் ஒரே மாதிரி முழங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முழங்கவில்லை என்றால் அங்கே காற்று போகிறது. வைக்கும்போது ‘டக்’ என்று பிளாஸ்டிக் நொடிக்கிற சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே காற்றழுத்தத்தில் டிரைவரின் மெல்லிய தகடு அசைகிறது, அவ்வளவுதான், மெதுவாக வையுங்கள்.

இதிலிருந்தே ‘ஸ’ குத்துவதற்குப் போகலாம். ‘ஸ’, ‘ச’ போன்ற எழுத்துகளின் சீறல் 5,000-இலிருந்து 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. இயர்போன் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட காற்றுக்கு என்று ஒரு சொந்த ஒலிப்பு உண்டு, பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அது மேடாக எழும்பும். எவ்வளவு ஆழமாகச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த மேடு இடம் மாறுகிறது: மேலோட்டமாக வைத்தால் கீழே இறங்கி நேராகச் சீறல் மேலேயே உட்காரும், கொஞ்சம் உள்ளே போனால் மேலே ஏறி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஒரே இயர்போன் ஒருவருக்கு இதமாகவும் இன்னொருவருக்கு ஊசியாகவும் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம், நெட்டில் நீங்கள் படிக்கிற விமர்சனங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுவதற்கும் இதுதான் பாதிக் காரணம். ஒரு சைஸ் சின்ன ரப்பர் போட்டு, அடைப்பு கெடாமல், ஓரிரு மில்லிமீட்டர் ஆழமாக வைத்துப் பாருங்கள். வலிக்கும் அளவுக்குப் போகவே கூடாது.

பாட்டு ஃபைலையும் ஒரு தடவை சந்தேகப்படுங்கள். நம் ஊரில் நெட் கிடைப்பதற்கு முன்னாலிருந்தே, நெட் இல்லாமல் ஃபைல் அனுப்புகிற ஸாப்யா ஆப்பில் போனுக்குப் போன் பாட்டு கைமாறிக்கொண்டிருக்கிறது. யாரோ எப்போதோ வீடியோவிலிருந்து உருவி, அதை மறுபடி எம்.பி.3 ஆக்கி, இன்னொருவர் அதையும் சுருக்கி அனுப்பியது. அப்படிச் சுருங்கிச் சுருங்கி வந்த ஃபைலில் முதலில் கெடுவது மேல் சத்தம்தான், தாளமும் ஜால்ராவும் தண்ணீரில் கரண்டி அலசுகிற மாதிரி ‘ஸ்விஷ்’ என்று கேட்கும். பழைய இயர்போனுக்கு அதைக் காட்டுகிற சக்தி இல்லை, புதியது காட்டிக்கொடுக்கிறது. டி.எம்.எஸ்., பி. சுசீலா காலத்துப் பாட்டுகள் வேறு கணக்கு, அந்த ஒலிப்பதிவுகளில் மேல் சத்தம் குறைவு, நாடாவின் இரைச்சல் உண்டு, ட்ரெபிள் ஏற்றின இயர்போனில் குரலைவிட இரைச்சல்தான் முன்னால் நிற்கும். அதற்கு இயர்போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

இடது பக்கம் சன்னமாக இருப்பது. இதில் உங்கள் காதுக்குள் நான் எட்டிப் பார்க்க முடியாது, இயர்போனும் என் கையில் இல்லை, அதனால் உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டுபிடிக்கிற வழி சுலபம். இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் போடுங்கள். சன்னம் இப்போது வலது காதுக்கு வந்துவிட்டால் குறை இயர்போனில். இடது காதிலேயே தங்கிவிட்டால் குறை ரப்பர் அடைப்பில், அல்லது உங்கள் காதில். இயர்போனில் என்றால், வெளிச்சத்தில் பிடித்து அதன் மூக்கைப் பாருங்கள். நுனியில் மெல்லிய வலை இருக்கும். பத்தில் ஏழெட்டு இயர்போன் என்னிடம் ‘ஒரு பக்கம் போச்சு’ என்று வருவது அந்த வலையில் காது அழுக்கு அடைத்துத்தான். ரப்பரைக் கழற்றிவிட்டு, மூக்கு கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டித் தட்டி எடுங்கள். ஊசியால் குத்தினால் வலை உள்ளே போய்விடும், அப்புறம் நான் கூட ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பிரிட்டை நேராக ஊற்றவும் வேண்டாம். மழைக்காலத்தில் வேறொன்றும் நடக்கும், வியர்வையும் ஈரமும் வலையில் நீர்ப்படலமாக நின்று ஒரு மணி நேரத்துக்குச் சத்தம் பாதியாகிவிடும், காய்ந்ததும் தானாகத் திரும்பும். மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் ஒரு மூடியுள்ள டப்பாவில் இயர்போனோடு போட்டு வையுங்கள். ரங்கூன் ஈரத்துக்கு இதைவிட நல்ல காப்பீடு கிடையாது.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், என்றாவது ஒரு நாள் உங்களுக்கும் நடக்கும். திடீரென்று பாட்டில் பாடகர் குரல் மட்டும் காணாமல் போய், வயலினும் கோரஸும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். பையில் போட்ட இயர்போனை எடுத்துச் செருகினால் இப்படி ஆயிற்று, பாட்டு ஃபைல் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பலர் வருகிறார்கள். போனில் செருகுகிற ஜாக்கில் இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான எர்த், மைக் என்று நான்கு வளையம். எர்த் கம்பி விட்டுப்போனால், அல்லது ஜாக் முழுசாக உள்ளே போகாமல் நின்றால், இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். குரல் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அதுதான் முழுதாக அழியும். பழைய சில போன்களில் எர்த்தும் மைக்கும் இடம் மாறியிருக்கும், அவற்றில் மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வரும். போனின் ஜாக் ஓட்டைக்குள் சட்டைப் பை பஞ்சு அடைந்திருந்தாலும் இதே கூத்துதான். மரக் குச்சியால் பஞ்சை எடுத்தால் சரியாகிவிடும்.

நூறு மணி நேரம் ஓடவிடுகிற கதைக்கு வருகிறேன். இதை நம்புகிறவர்கள் நிறைய, அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஒரே மாடலில் இரண்டு வாங்கி, ஒன்றை ராத்திரி பகலாகப் பாட்டு ஓடவிட்டு, மற்றதைப் பெட்டியிலேயே வைத்து, பிறகு கடைப் பையன்களிடம் எது எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தேன். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. இரண்டு முறை செய்ததை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத மாட்டேன், ஸ்பாஞ்சு முனை பழகப் பழக இளகுவது உண்மை, ரப்பரும் காதுக்குப் படிகிறது. ஆனால் மாறுவதில் பெரும் பங்கு நம் மூளை. புதுச் செருப்பு கால் கடிக்கிறது, பிறகு கடிப்பது நின்றுவிடுகிறது, அதில் செருப்பு எவ்வளவு, கால் எவ்வளவு என்று யார் பிரிப்பது? கடைக்காரர் நூறு மணி நேரம் என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதற்குள் மாற்றிக் கொடுக்கிற தவணை முடிந்துவிடும். குறை இருப்பதாகத் தோன்றினால் தவணைக்குள் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள், காத்திருக்காதீர்கள்.

குரல் பின்னால் போவது, நான் முன்னால் சொன்ன பள்ளம்தான், இதுவே உங்கள் இயர்போனின் சுபாவம். காது திறந்திருக்கும்போது காதுத் துளைக் குழாய் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகவே சத்தத்தைக் கூட்டித் தருகிறது, பிறந்ததிலிருந்து நாம் கேட்ட அம்மா குரல் உட்பட எல்லாம் அந்தக் கூட்டலோடுதான் வந்தது. இயர்போனால் குழாயின் வாயை அடைத்ததும் அந்தக் கூட்டல் போய்விடுகிறது, செய்கிறவர்தான் அந்த மேட்டைத் திரும்ப வைத்துத் தர வேண்டும். எவ்வளவு வைக்க வேண்டும், பேஸ் எவ்வளவு இருந்தால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று ஆடியோ சாமான் செய்கிற ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவ் என்பவரும் கூட இருந்தவர்களும் 2012-லிருந்து நிறையப் பேரைக் கேட்கவைத்து ஆராய்ந்து கிராஃபில் ஒரு கோடு வரைந்தார்கள். இன்று இருபது டாலர் இயர்போன்கள் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு அந்தக் கோடு வெளியே தெரிந்ததும், அளக்கிற கருவி மலிவானதும் பெரிய காரணங்கள். உங்களுடையது அந்த மேட்டைக் குறைவாகவும் அதற்குக் கீழே 200 ஹெர்ட்ஸ் சுற்றிச் சதையை அதிகமாகவும் வைத்திருக்கிறது என்று நீங்கள் எழுதினதை வைத்து ஊகிக்கிறேன்.

காசு செலவில்லாமல் இதைத் திருத்தலாம். ஆண்ட்ராய்டு போன் என்றால் வேவ்லெட் மாதிரி, பேஸ், குரல், ட்ரெபிள் என்று தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்வலைசர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நிறைய மாடல்களுக்கு அளந்து வைத்த திருத்தம் அதிலேயே இருக்கும். உங்கள் மாடல் இல்லாவிட்டால் கையால் செய்யுங்கள்: 150-இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை மூன்று டெசிபல் (சத்தத்தின் வலுவை அளக்கிற அளவு) இறக்குங்கள், வேண்டுமானால் நாலு. முதலில் இறக்கித்தான் பார்க்க வேண்டும். குரல் வேண்டும் என்று குரலை ஏற்றினால் பிளந்துவிடும், குரலை மறைப்பதைக் குறைத்தால் தானாக முன்னால் வந்து நிற்கும். திருவிழாவில் நாதஸ்வரம் கேட்கவில்லை என்று யாராவது வந்து சொன்னால் நான் நாதஸ்வர மைக்கைத் தொடுவதே இல்லை, தவில் மைக்கின் கீழ் சத்தத்தைத்தான் இறக்குவேன். சொன்னவர் திரும்பிப் போவதற்குள் சரியாகியிருக்கும்.

திருத்தம் சரியா என்று பார்க்கத் தவிலே நல்ல அளவுகோல். தவிலின் இடப் பக்கம் தொப்பி, கழியால் அடிக்கிறது, ஆழமாக விழும். வலப் பக்கம் வலந்தலை, விரலில் கூடு மாட்டி அடிக்கிறது, கிண்ணென்று தெறிக்கும். நல்ல இயர்போனில் தொப்பி விழுந்து அடங்கின பிறகும் வலந்தலையின் ஒவ்வொரு விரலும் தனியாக எண்ணுகிற மாதிரி கேட்கும். பேஸ் வீங்கின இயர்போனில் தொப்பியின் எச்சம் வலந்தலை மேல் படிந்து எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். மேல் சத்தத்துக்கு நம் ஊர் சைங் வைங், அதாவது பர்மிய வாத்தியக் குழு இசை, போடுங்கள். அதில் ஊதுகிற நே என்ற குழல், நாதஸ்வரத்துக்கு உறவுக்காரன் மாதிரி ஒலிக்கும், இரட்டைச் சீவாளியல்ல, பல மடிப்பு ஓலை நாக்கு, எட்டு வீடு தாண்டிக் கேட்கிற குரல். அது உச்சிக்குப் போகும்போது நீங்கள் கண்ணைச் சுருக்குகிறீர்கள் என்றால் ட்ரெபிள் அதிகம், 6,000-இலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபல் குறையுங்கள். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஒரு தனி மெட்டே வாசித்துக்கொண்டு போகும், அதை வாய்விட்டுப் பாட முடிகிறதா என்று பாருங்கள். பேஸ் அதிகமாக இருப்பதும் பேஸ் தெளிவாக இருப்பதும் வேறு வேறு என்று அப்போது புரியும்.

எவ்வளவு போட வேண்டும் என்ற கேள்விக்கு என் நேர்மையான பதில் இது. ஐந்து டாலருக்கும் இருபது டாலருக்கும் உள்ள தூரம் பெரியது. 2022-இல் வந்த மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சலநோட்ஸ் ஜீரோ இரண்டும் இருபது டாலர் அளவில், 10 மில்லிமீட்டர் டிரைவர் ஒன்றே ஒன்று வைத்து, குரலை அழகாகக் காட்டுகிறவை. முதல் சூவில் கம்பி கழற்ற வராது, ஜீரோவில் வரும், எனக்கு அது முக்கியம், ஏனென்றால் அறுபடுவது எப்போதும் கம்பிதான். இருபதிலிருந்து ஐம்பதுக்குப் போனால் வித்தியாசம் தெரியும், ஆனால் தேடித்தான் தெரியும். நூறுக்கு மேலே அவரவர் ரசனை சம்பந்தப்பட்டது. அதில் டிரைவர் எட்டு, இதில் பத்து என்று எண்ணிக்கை சொல்லி விற்பவர்களிடம் மயங்காதீர்கள், மலிவில் நிறைய டிரைவரைத் திணித்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் மேல் சத்தம் கரகரக்கும். இன்றைய நிலைமையில் இருபது டாலர் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முதலில் ரப்பரையும் ஈக்வலைசரையும் சொன்னேன். அடுத்த போனில் ஜாக் ஓட்டை இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்க நேரும், அப்போது உள்ளே டாக் சிப் (டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கு ஏற்ற சிக்னலாக்குகிற சிப்) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பி மட்டும் உள்ள மாற்றி பல போன்களில் வேலையே செய்யாது.

கம்பியில்லாதது கெட்டது என்று சொல்ல மாட்டேன். கூட்ட ரயிலில் கம்பி மாட்டி இழுபடாமல் இருப்பது பெரிய நிம்மதிதான். ஆனால் அதே விலையில் காசின் பெரும் பங்கு பேட்டரிக்கும் ரேடியோ சிப்புக்கும் போய்விடுகிறது, டிரைவருக்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்தச் சின்ன லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்ற வழியில்லாமல் ஒட்டிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் கரண்ட் இருக்கிற இருப்பில், வருகிற சில மணி நேரத்தில் போனுக்கு, பவர் பேங்குக்கு, எமர்ஜென்சி விளக்குக்கு என்று வரிசை நிற்கும்போது அதிலே இயர்போன் டப்பாவையும் சேர்க்க வேண்டுமா? கம்பி இயர்போன் போனிலிருந்து எடுக்கிற மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை. என் கடையில் விற்பனைக்கு இரண்டும் இருக்கின்றன, என் மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது கம்பி வைத்தது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். ரயில் உறுமலை மீற வேண்டும் என்று சத்தத்தை ஏற்றாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும், 90-க்கு வந்தால் வாரத்துக்கே நான்கு மணி நேரம்தான். நீங்கள் போக வர தினமும் இரண்டு மணி நேரம் கேட்கிறீர்கள் என்றால் அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ரப்பர் நன்றாக அடைத்தால் வெளிச் சத்தம் கணிசமாகக் குறையும், பிறகு ஏற்றத் தேவையே வராது. இன்னொரு காரணத்துக்காகவும் நல்ல ரப்பரைத் தேடச் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். மைக் செட் வேலையில் என் கூட இருந்த இரண்டு பேருக்கு இன்று காதில் ஓயாத ‘கீ’ சத்தம், தூங்குவதற்கு ரேடியோவை ஓடவிட வேண்டியிருக்கிறது. போய்விட்ட கேட்கும் திறன் திரும்ப வராது தம்பி.

ஆகவே இந்த வாரம் ரப்பரை மாற்றுங்கள், இயர்போன் மூக்கைச் சுத்தம் செய்யுங்கள், ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்குங்கள். பத்து நாள் அப்படியே கேட்டுவிட்டு, ஒரே ஒரு நாள் வீட்டில் யாரிடமாவது உள்ள சாதாரண இயர்போனை வாங்கி அதே பாட்டுகளைக் கேளுங்கள். புதியதில் என்ன கிடைத்தது என்பது அதைப் போடும்போது தெரியாது, அதை விட்டுவிட்டுப் பழையதைப் போடும்போதுதான் தெரியும். அன்று ஒன்றும் குறையாகத் தெரியவில்லை என்றால் இருபது டாலர் பக்கம் போகவே வேண்டாம். இடது, வலது மாற்றிப் போட்டும் இடது காதிலேயே சன்னம் நின்றால், ரப்பரும் நன்றாக அடைத்திருந்தால், இயர்போனை மறந்துவிட்டுக் காது டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் உள்ளே கெட்டியான அழுக்குதான் இருக்கும், அவர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார், பட்ஸ் வைத்து நீங்களே தோண்டினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். மாற்றிப் போட்டதில் எந்தப் பக்கம் சன்னமாக இருந்தது என்று மட்டும் இங்கே எழுதுங்கள், மிச்சத்தை அதை வைத்துச் சொல்கிறேன்.